மோட்டார் ஏன் நின்றது?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடவுளைப் பற்றியதோ, புராணத்தைப் பற்றியதோ, ஜாதியைப் பற்றியதோ அல்ல. ஒரு பழைய மோட்டார் காரின் டாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் போய்ச் சேருகிற வழியைப் பற்றியும், அந்த வழியில் கோளாறு ஏற்பட்டால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றியுமே பேசப் போகின்றோம். "சுயமரியாதைக் கூட்டத்தில் கார் ரிப்பேர் பாடமா?" என்று சிலர் முகத்தைச் சுளிக்கலாம். ஆனால் தோழர்களே, மேடையின்மேல் நின்று சாமியில்லை, பேயில்லை என்று பேசிவிடுவது சுலபம். பேசிவிட்டு ஊர் திரும்பும்போது நடுரோட்டில் வண்டி நின்றுவிட்டால், அந்த மனிதன் என்ன சொல்லுகிறான், எதைத் தொடுகிறான் என்று பாருங்கள். "இன்று யார் முகத்தில் விழித்தேனோ" என்பானானால், மேடையில் பேசியதெல்லாம் வாயளவே என்று தெரிந்துவிடும்.

நாம் எடுத்துக்கொள்ளும் வண்டி இங்கிலாந்தில் அபிங்டன் என்னும் ஊரில் செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார். 1962-ல் தொடங்கி 1980-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்ட வரையில், கூரை போட்டதும் போடாததுமாக 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். நாலு சிலிண்டர், 1798 சி.சி. எஞ்சின். இன்றைக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் காப்பாற்றி ஓட்டி வருகின்றார்கள். இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்றால், நம் ஊர் ரோடுகளில் ஓடிய அம்பாசிடர் காரின் பழைய பெட்ரோல் எஞ்சின் இதற்குக் கூடப்பிறந்தது. இரண்டும் ஒரே பி.எம்.சி. கம்பெனியின் "பி" வரிசை எஞ்சின்கள்தான். அம்பாசிடரிலும் இதே எஸ்.யூ. கார்பரேட்டர் பூட்டப்பட்டதுண்டு. ஆகவே, இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற வயதான டிரைவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு நாம் சொல்வதில் பாதி தெரிந்ததாகவே இருக்கும். தெரியாத இளைஞர்களுக்காகத்தான் சொல்லுகின்றோம். இப்போது வருகிற கார்களில் கம்ப்யூட்டர் இருந்து பெட்ரோலை அளந்து பீச்சுகின்றது. அதன் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தப் பழைய வண்டியிலோ எல்லாம் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம், கையால் தொடலாம். காரணகாரியத்தைப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

வெள்ளைக்காரன் செய்த வண்டியாயிற்றே, அவன் அறிவோடுதான் ஓட்டுவான் என்று எண்ணிவிடாதீர்கள். நம்மவன் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறான் என்றால், அங்கே கிறிஸ்தோபர் என்கிற புனிதரின் பதக்கத்தை ஸ்டியரிங்குக்கு எதிரில் ஒட்டிக்கொள்ளுகிறவர்கள் ஏராளம். பிரயாணிகளைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட புனிதராம் அவர். 1969-ல் ரோமாபுரிச் சபையாரே அவருடைய திருநாளைத் தங்கள் பொதுப் பஞ்சாங்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்படியும் பதக்கம் விற்பனையாகிக்கொண்டுதான் இருக்கின்றது! இன்னொரு வேடிக்கை, அந்த நாட்டார் காரைப் பெண்பாலாகப் பேசுவது. வண்டி கிளம்பாவிட்டால் "அவளுக்கு இன்று மனசு சரியில்லை" என்கிறார்கள். பெட்ரோல் குழாயில் தூசி அடைத்துக்கொண்டதற்குப் பெண் புத்தி என்று பெயர். புத்தியே இல்லாத இரும்புக்கு ஒரு பெண் பெயரை வைத்து, அது கெட்டுப்போனால் அந்தக் கெடுதலைப் பெண்கள் தலையில் போடுகிற அக்கிரமம் எல்லாத் தேசத்திலும் ஒன்றுபோல்தான் இருக்கின்றது. இப்படிச் சொல்லுகிறவர்களுக்குச் சரியான பதில் சொன்ன ஒரு பெண்மணியைப் பற்றிப் பின்னால் சொல்லுகின்றோம்.

நிற்க. முதலில் கார்பரேட்டர் என்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் தனியே எரிந்து எஞ்சினை ஓட்டிவிடாது. காற்றோடு ஓர் அளவில் கலக்க வேண்டும். எடையில் சுமார் 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல். காற்று மிஞ்சினால் எஞ்சின் இருமும். பெட்ரோல் மிஞ்சினால் கறுப்புப் புகை கக்கும். மெதுவாகப் போகும்போதும், வேகமாகப் போகும்போதும், மேடு ஏறும்போதும் இந்த அளவு ஏறக்குறைய நிற்கவேண்டும். இந்தக் காரியத்தைச் செய்கிற பாத்திரந்தான் கார்பரேட்டர்.

எஸ்.யூ. என்பது "ஸ்கின்னர்ஸ் யூனியன்" என்பதின் சுருக்கம். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். அவருடைய குடும்பம் செருப்பு வியாபாரக் குடும்பம்! ஆகையினால்தானோ என்னவோ, முதலில் செய்த கார்பரேட்டரில் தோலினாலான ஒரு துருத்தியை வைத்திருந்தார். நம் நாட்டிலானால், தோலைத் தொடுகிற தொழிலுக்குப் புத்தி எதற்கு என்று கேட்டு, அவரைத் தெருவுக்கு வெளியே நிறுத்தியிருப்பார்கள். அங்கே 1910-ல் கம்பெனி ஏற்பட்டது. 1926-ல் மாரிஸ் கார் முதலாளி அதை விலைக்கு வாங்கினார். தோல் துருத்தி பிற்பாடு போய், அதன் ஸ்தானத்தில் உலோகப் பிஸ்டன் வந்தது.

அது வேலை செய்கிற விதம் வெகு எளிது. கார்பரேட்டரின் மேலே மணியைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஒரு கூடு. அதற்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனின் அடியில் ஒரு ஊசி. ஊசி மேலே தடித்து, கீழே போகப்போகச் சன்னமாக இருக்கும். அது ஜெட் என்கிற சிறு துவாரத்துக்குள் இறங்கி நிற்கும். டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சினுக்குக் காற்று அதிகமாகப் போகின்றது. மணிக்கூட்டுக்குள் அழுத்தம் குறைகின்றது. வெளிக்காற்று பிஸ்டனை மேலே தள்ளுகின்றது. பிஸ்டன் ஏறினால் ஊசியும் ஏறும். சன்னமான பாகம் துவாரத்துக்கு வருவதால் சுற்றிலும் இடைவெளி கூடி, பெட்ரோல் கூடுதலாக வருகின்றது. காற்று எவ்வளவு போகின்றதோ, அதற்குத் தக்கபடி பெட்ரோல். இதில் மந்திரம் எங்கே இருக்கின்றது? எம்.ஜி.பி.யில் இப்படிப்பட்ட கார்பரேட்டர் இரண்டு இருக்கும். ஏறக்குறைய முதல் பத்து வருஷத்து வண்டிகளில் எச்.எஸ். 4 என்னும் வகை. நாம் அதையே வைத்துப் பேசுகின்றோம்.

இனி, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இருமி, விக்கி, நின்றுவிடுகின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் கழித்துக் கிளப்பினால் கிளம்புகின்றது. மறுபடியும் சில மைல் தூரத்தில் நிற்கின்றது. இப்போது என்ன செய்வார்கள்? கார்பரேட்டர் கைக்கு எட்டுகிற இடத்தில், பளபளவென்று இருக்கின்றது. உடனே அதன் திருகாணிகளை எல்லாம் திருக ஆரம்பித்துவிடுவார்கள். இதைவிடக் கெட்ட காரியம் வேறில்லை. பெட்ரோலுக்கு ஒரு பாதை உண்டு. டாங்கி, பம்பு, குழாய், மிதவை அறை, ஜெட், எஞ்சின். இந்தப் பாதையை ஒரு முனையிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வரவேண்டும். இடையில் குதிக்கக்கூடாது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. கோளாறு பெட்ரோலில்தானா? பழைய மெக்கானிக்குகள், "கார்பரேட்டர் கோளாறு என்று வருவதில் முக்கால்வாசி கரண்ட் கோளாறு" என்பார்கள். கண்டென்சரோ, பாயிண்டோ, ஒரு ஒயரோ கெட்டிருந்தாலும் வண்டி இதே மாதிரிதான் நிற்கும். இதைக் கண்டுகொள்ள இந்த வண்டியில் ஒரு நல்ல வழி இருக்கின்றது. எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுகிற முள்ளைப் பாருங்கள். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே அந்த முள் திடீரென்று சூன்யத்துக்கு விழுந்தால், கரண்ட் அறுந்துபோகின்றது என்று அர்த்தம். முள் எஞ்சினோடு கூடவே மெதுவாக இறங்கினால், பெட்ரோலைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. அப்போதும்கூட ஒரு பிளக்கைக் கழற்றிப் பொறி வருகின்றதா என்று பார்த்துவிடுவது நல்லது. இதைப் பார்க்கும்போது பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக்கூடாது.

பெட்ரோல்தான் என்று ஏற்பட்டால் முதலில் டாங்கியின் மூடிக்குப் போங்கள். எல்லோரும் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். பழைய வண்டிகளில் மூடியில் காற்றுப் புக ஒரு சிறு வழி உண்டு. அது அடைத்துக்கொண்டால், பெட்ரோல் வெளியே போகப்போக டாங்கிக்குள் வெற்றிடம் ஏற்பட்டு, பம்பினால் இழுக்க முடிவதில்லை. வண்டி நிற்கும். சும்மா விட்டால் எங்கேயோ சிறிது காற்று கசிந்து உள்ளே போய், மறுபடி ஓடும். இதைத்தான் "வண்டிக்கு இளைப்பாறல் வேண்டும்" என்கிறார்கள்! வண்டி நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டு, உடனே வண்டி ஓடினால், ஒரு காசு செலவில்லாமல் வியாதி தெரிந்துபோயிற்று.

அடுத்தது பம்பு. இந்த வண்டியின் பம்பு மின்சாரத்தில் ஓடுவது. வண்டியின் அடியில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றது. சாவியைத் திருப்பினால் "டிக் டிக் டிக்" என்று வேகமாக அடித்து, மிதவை அறைகள் நிரம்பினவுடன் நிதானப்பட்டு நின்றுவிட வேண்டும். இந்தச் சத்தம் வாய்விட்டுப் பேசுவதற்குச் சமானம். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால், டாங்கி காலியாயிருக்க வேண்டும், அல்லது எங்கேயோ காற்றை இழுக்கின்றது, அல்லது பெட்ரோல் எங்கேயோ வழிந்துகொண்டிருக்கின்றது. எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் திருப்பியிருக்கும்போது அரை நிமிஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் அடித்தால், மிதவை ஊசியோ பம்பின் வால்வோ சரியாக மூடவில்லை. அடிக்கவே இல்லை என்றால் பம்புக்குள் இருக்கிற பாயிண்டுகள் கருகியிருக்கலாம்.

இந்த இடத்தில்தான் அந்தச் சுத்தியல் பூஜை வருகின்றது. எம்.ஜி. வண்டி வைத்திருக்கிறவர்களில் பலர் ஒரு சிறு சுத்தியலை வண்டியிலேயே வைத்திருப்பார்கள். பம்பு நின்றுபோனால் கீழே குனிந்து அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். "டிக்" என்று ஆரம்பித்துவிடும். அவர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டு, "இதுதான் மந்திரம், என் தகப்பனார் சொல்லிக்கொடுத்தார்" என்பார்கள். தோழர்களே, நாம் நன்றாகக் கவனிக்க வேண்டியது இதையேயாகும். இந்தப் பூஜை பலிக்கின்றது! பலிக்காத பூஜையைக் கண்டு நமக்குப் பயமில்லை. என்றைக்காவது ஒருநாள் அதன் பொய் வெளிப்பட்டே தீரும். பலிக்கிற பூஜைதான் ஆபத்து. தட்டினதும் ஓடிவிடுகிறபடியால், ஏன் நின்றது என்று யாரும் கேட்பதில்லை. உள்ளே கருகின பாயிண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. தட்டின அதிர்ச்சியில் தொட்டுக்கொள்ளுகின்றன, அவ்வளவுதான். கருகினது கருகினதாகவே இருக்கின்றது. பத்துத் தட்டில் ஓடினது பிறகு இருபது தட்டில் ஓடும். ஒருநாள் இரவில், ரயில்வே கேட்டுக்கு நடுவிலோ, பெரிய லாரிக்கு முன்னாலோ நிற்கும்போது எத்தனை தட்டினாலும் ஓடாது. பாயிண்டைக் கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகாது. அந்த ஒரு மணி நேரம் செலவழிக்க மனமில்லாமல் பத்து வருஷம் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு திரிகிறவனுக்கும், ஜுரம் வந்தால் தாயத்துக் கட்டுகிறவனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

பம்பு அடிக்கிறது என்பதனாலேயே அது நன்றாயிருக்கின்றது என்றும் நினைத்துவிடக்கூடாது. அளந்து பார்க்க வேண்டும். கார்பரேட்டரில் வந்து சேருகிற ஹோஸைக் கழற்றி ஒரு தகரக் குவளைக்குள் விட்டு, சாவியைத் திருப்பி, ஒரு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஒரு பைண்டு, அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல், வரவேண்டும். நல்ல பம்பானால் இரண்டு மடங்குகூட வரும். நுரையும் குமிழியுமாக வந்தால் வழியில் காற்று புகுகின்றது. சொட்டுச் சொட்டாக வந்தால் குழாயிலோ வடிகட்டியிலோ அடைப்பு. இந்தப் பரீட்சையை எஞ்சின் ஆறியிருக்கும்போது, வெட்டவெளியில், பீடி சிகரெட்டுக்காரர்களைத் தூர அனுப்பிவிட்டுச் செய்யவேண்டும். இதில் வீரம் காட்டுவது மடத்தனம்.

பம்பிலிருந்து வருகிற பெட்ரோல் மிதவை அறையில் சேருகின்றது. அதில் ஒரு மிதவை. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை மூடுகிறதே, அதே சூத்திரம். பெட்ரோல் நிறைந்தால் மிதவை எழும்பி ஒரு சிறு ஊசி வால்வை மூடும். குறைந்தால் திறக்கும். டாங்கியிலிருந்து துருத் தூள் ஒன்று வந்து இந்த ஊசியில் சிக்கிக்கொண்டால் வால்வு மூடாது. பெட்ரோல் நிரம்பி, வழிகிற குழாய் மூலமாகக் கீழே ஊற்றும். மிதவையில் ஓட்டை விழுந்து அதற்குள்ளேயே பெட்ரோல் புகுந்து முழுகிப்போனாலும் இப்படித்தான். கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கினால் சளசளவென்று கேட்கும்.

இந்த இடத்தில் விளையாட்டுப் பேச்சை நிறுத்திவிட வேண்டியிருக்கின்றது. இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகிற வழியும், புகை வெளியே வருகிற வழியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு கார்பரேட்டர்களுக்கும் நேர் கீழே எக்ஸாஸ்ட் குழாய் கொதித்துக்கொண்டிருக்கின்றது. இடையில் ஒரு தகரத் தடுப்பு உண்டு. வழிகிற பெட்ரோலைத் தூரக் கொண்டுபோய் விடச் சிறு குழாயும் உண்டு. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியில் அந்தத் தகரம் இருக்கின்றதா, அந்தக் குழாய் கழன்று விழுந்துவிட்டதா என்று யார் பார்க்கிறார்கள்? பெட்ரோல் நாற்றம் வந்தால் "பழைய வண்டி, அப்படித்தான் மணக்கும்" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னவர்களுடைய வண்டிகள் ரோட்டிலேயே வெந்துபோயிருக்கின்றன. நாற்றம் வந்தால் சாவியை அணைத்து, இறங்கி, கண்டுபிடித்த பிறகே ஓட்டவேண்டும். பெட்ரோல் நெருப்பைத் தண்ணீர் அணைக்காது. பரப்பிவிடும். அதற்குரிய தீயணைப்புக் குப்பி ஒன்று, பதக்கம் இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.

முன்பு சொன்ன பெண்மணி இங்கே வருகிறார். 1940-ல் ஜெர்மனியோடு நடந்த ஆகாயச் சண்டையில் பிரிட்டிஷாரின் ஸ்பிட்பயர், ஹரிக்கேன் விமானங்களில் மெர்லின் எஞ்சின் இருந்தது. அதில் எஸ்.யூ. கார்பரேட்டர், மிதவை அறையோடு கூடினது. விமானம் மூக்கைக் கவிழ்த்துத் திடீரென்று பாய்ந்தால் எஞ்சின் இருமி அடங்கும். ஜெர்மானியரின் மெஸர்ஷ்மிட் விமானத்தில் பெட்ரோலை நேரே பீச்சுகிற ஏற்பாடு இருந்தபடியால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. துரத்திப்போகிறவன் எஞ்சின் அடங்கிப்போவது என்றால் உயிர் போகிற காரியம். விமானிகள் என்ன செய்தார்கள் என்றால், நேரே பாயாமல் விமானத்தைப் புரட்டிப் பாய்ந்தார்கள். அதற்குள் எதிரி தூரப் போய்விடுவான்.

பார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பியாட்ரிஸ் ஷில்லிங் என்கிற எஞ்சினீயர் அம்மையார் இதை எடுத்துக்கொண்டார். 1909-ல் பிறந்தவர். மான்செஸ்டர் சர்வகலாசாலையில் எஞ்சினீயரிங் படித்தவர். புரூக்லாண்ட்ஸ் பந்தய ரோட்டில் மோட்டார் சைக்கிளை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டினவர். மூக்குக் கவிழும்போது மிதவை அறையில் நடப்பது என்ன என்பதுதான் கேள்வி. முதலில் பெட்ரோல் மேலே போய் ஒட்டிக்கொள்ளுவதால் ஜெட்டுக்குக் கிடைப்பதில்லை. அது ஒரு நொடி விக்கல். அதன் பிறகு மிதவை தலைகீழாக வேலை செய்து வால்வு விரியத் திறந்து, பம்பு கொண்டுவருகிற பெட்ரோல் அவ்வளவும் உள்ளே பாய்ந்து எஞ்சினை மூழ்கடிக்கின்றது. இதுதான் பெரிய தீங்கு. பட்டினியால் நின்றதுபோல் ஆரம்பித்து, கடைசியில் அஜீரணத்தால் நின்றது! எஞ்சின் முழு வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் கேட்குமோ, அவ்வளவுக்கு மட்டும் இடங்கொடுக்கிற ஒரு சிறு துவாரமுள்ள உலோகத் துண்டை அந்த அம்மையார் குழாயில் வைத்தார். வைப்பதற்கு விமானத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. 1941 மார்ச்சிலிருந்து விமானத் தளங்களுக்கு நேரே போய்ப் பொருத்திக் கொடுத்தார்கள். 1943-ல் வேறு வகைக் கார்பரேட்டர் வருகிற வரைக்கும் அதுவே காப்பாற்றிற்று. அவருக்கு முன்னால் அதே எஞ்சினைப் பார்த்த ஆண்பிள்ளைகளுக்குப் படிப்புக் குறைவா? இல்லை. விக்கலைக் கேட்டார்கள். அந்த அம்மையாரோ விக்கலுக்குள் இரண்டு விக்கல் இருப்பதைப் பிரித்துப் பார்த்தார். பெண்ணுக்கு அடுப்பங்கரைதான் என்று சொல்லுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இப்போது ஒரு புதுப் பேய் கிளம்பியிருக்கின்றது. அதன் பெயர் எத்தனால். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை இந்தச் சாராய வஸ்துவைக் கலக்கிறார்கள். நம் நாட்டில் 2025-ல் அது 20 சதவீதமாகிவிட்டது. பழைய ரப்பர் ஹோஸை இது ஊறவைத்து, உப்பவைத்து, உள்ளேயிருந்து கறுப்புச் செதில்களாகக் கிளப்பிவிடும். அந்தச் செதில்கள் மிதவை ஊசியில் போய் உட்காரும். ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கலவையும் சற்று நீர்த்துப்போகும். இவையெல்லாம் உண்மை. எத்தனாலுக்கென்றே செய்த ஹோஸாக மாற்றிவிட வேண்டியது அவசியம். ஆனால் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு, பாயிண்டு கருகினாலும் எத்தனால், மூடி அடைத்தாலும் எத்தனால், பாட்டரி செத்தாலும் எத்தனால் என்று சொல்லத் தலைப்பட்டிருக்கிறார்கள். முன்பு எல்லாவற்றுக்கும் சனியனைச் சொன்னார்கள். பெயர் விஞ்ஞானப் பெயராய் இருப்பதனாலேயே சொல்லுகிறது விஞ்ஞானம் ஆகிவிடாது. ஹோஸை அறுத்து உள்ளே பார்த்தவன் சொல்லட்டும், ஒப்புக்கொள்ளுகின்றோம்.

இவ்வளவும் சரியாயிருந்தால்தான் கார்பரேட்டரின்மேல் கை வைக்கலாம். மணிக்கூட்டின் தலையில் உள்ள மூடியைத் திருகி எடுத்தால் உள்ளே எண்ணெய் இருக்கவேண்டும். வற்றிப்போயிருந்தால், திடீரென்று மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளி ஏறிவிட்டு எஞ்சின் தடுமாறும். சாதாரண 20 நம்பர் எஞ்சின் எண்ணெய் போதும். பிறகு பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். தடையில்லாமல் இறங்கி "டக்" என்று உலோகச் சத்தத்தோடு உட்காரவேண்டும். இடையில் நின்றால் அழுக்கு, அல்லது ஊசி ஜெட்டில் உராய்கின்றது. சுத்தம் செய்யும்போது ஒரு கூட்டின் பிஸ்டனை இன்னொரு கூட்டில் போட்டுவிடாதீர்கள். ஜோடி பார்த்துச் செய்தவை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

கலவை சரியா என்று பார்க்கத் திருகாணியைத் தொட வேண்டியதில்லை. கார்பரேட்டரின் அடியில் பிஸ்டனைத் தூக்குவதற்கென்றே ஒரு சிறு முளை உண்டு. எஞ்சின் நன்றாய்ச் சூடேறி நிதானமாக ஓடும்போது, அதை அழுத்திப் பிஸ்டனை ஓர் அங்குலத்தில் 32-ல் ஒரு பங்கு மட்டும் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் வேகம் கூடி, கூடினபடியே இருந்தால் பெட்ரோல் அதிகம். உடனே தளர்ந்து அணையப் பார்த்தால் பெட்ரோல் போதாது. ஒரு கணம் சற்றே கூடிப் பழையபடி ஆனால் சரி. ஜெட்டின் கீழுள்ள ஆறு பட்டை நட்டை ஒரு பட்டை மேலே திருகினால் பெட்ரோல் குறையும். கீழே திருகினால் கூடும். ஒரு தடவைக்கு ஒரே பட்டை. பிறகு மறுபடி முளையை அழுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு கார்பரேட்டர்களும் சமமாகக் காற்று இழுக்கின்றனவா என்பதற்கு ஒரு முழ ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதிலும், மற்றொரு முனையை ஒவ்வொரு கார்பரேட்டரின் வாயிலும் வைத்தால் "உஸ்" என்கிற சத்தம் இரண்டிலும் ஒன்றுபோல் கேட்கவேண்டும்.

ஒரே பட்டை என்று ஏன் வற்புறுத்துகிறோம் என்றால், ஒரு மனிதர் ஒரே நாளில் புதுப் பிளக் போட்டு, புதுக் கண்டென்சர் போட்டு, வடிகட்டியை மாற்றி, ஜெட்டையும் திருகி, வண்டிக்கு முன்னால் ஒரு தேங்காயும் உடைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடுகின்றது. எதனால் ஓடிற்று? அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. தேங்காய்தான் காரணம் என்று புரோகிதர் சொன்னால் மறுத்துப் பேச அவரிடம் ருஜு என்ன இருக்கின்றது? ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதிவைத்து, பிறகு அடுத்ததற்குப் போயிருந்தால் புரோகிதருக்கு அங்கே வேலை இல்லை. வேண்டுமானால் தேங்காயை மட்டும் தனியாக உடைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கட்டும். நமக்கு ஆட்சேபணை இல்லை.

எல்லாம் முடிந்தபிறகு வீட்டு வாசலில் நின்று உறுமவிட்டுப் பார்த்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள். எந்த மேட்டில் நின்றதோ, அதே மேட்டுக்கு, அதே வெயிலில், அதே அளவு பெட்ரோலோடு, அதே வேகத்தில் ஓட்டிக்கொண்டு போங்கள். நின்றால் உடனே இறங்கி, முதலில் டாங்கி மூடியில் கை வையுங்கள். நிற்காவிட்டாலும் அடுத்த நாளும் அதே மேட்டுக்குப் போய் வாருங்கள். சுத்தியலை மட்டும் வண்டியிலிருந்து எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போகவேண்டும்.